பிழைத்து வீடு திரும்பிய பிறகு: தற்கொலை முயற்சிக்குப் பின் தொடரும் அபாயம்

தற்கொலைக்கு முயன்று, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரிலோ, கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ சேர்க்கப்பட்டுப் பிழைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி உறவினர்கள் பேசும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ‘சும்மா மிரட்டத்தான் செஞ்சான், சாகற எண்ணமெல்லாம் கிடையாது’ என்பது ஒன்று. ‘புத்தி வந்துடுச்சு, சாமி மேல சத்தியம் வாங்கிட்டோம், இனிமே அந்தப் பக்கம் போகமாட்டான்’ என்பது மற்றொன்று. இரண்டுமே அச்சத்தில் பிறக்கும் பேச்சு. நடந்ததை எப்படியாவது நடந்து முடிந்த கதையாக்கிவிட வேண்டும் என்ற தவிப்பு இரண்டிலும் இருக்கிறது. ஆனால் ஒரு முறை முயன்று பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மருத்துவ ஆய்வுகள் இந்த இரண்டு நம்பிக்கைகளையும் ஆதரிக்கவில்லை.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று உலகெங்கும் நடந்த 177 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. அதன்படி, அத்தகைய நூறு பேரில் ஏறத்தாழ 16 பேர் ஓராண்டுக்குள் மீண்டும் முயன்று மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஒருவர் அல்லது இருவர் அந்த ஓராண்டுக்குள் தற்கொலையால் இறக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் இறப்பவர்கள் 25 பேருக்கு ஒருவர். ஓராண்டு இறப்பு 1.6 விழுக்காடு என்பது படிக்கச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். லட்சம் பேருக்கு இத்தனை என்று மாற்றினால் அது 1,600. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 29.7, நாட்டின் சராசரி 12.4. சிக்கிமுக்கும் அந்தமானுக்கும் அடுத்த இடத்தில் நின்று, மிக அதிகம் என்று நாம் கவலைப்படும் புதுச்சேரியின் விகிதத்தைவிடவும் முயன்று பிழைத்தவர்களின் ஓராண்டு அபாயம் ஐம்பது மடங்கு கூடுதல். பல நாட்டு ஆய்வுகளின் சராசரியை ஒரு சிறிய ஒன்றியப் பகுதியின் விகிதத்தோடு ஒப்பிடுவது அளவை உணர்வதற்கு மட்டுமே உதவும் என்றாலும், உலக சுகாதார நிறுவனம் முந்தைய முயற்சியையே தற்கொலைக்கான மிக முக்கியமான அபாயக் காரணியாகச் சொல்வது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

அதே எண்களுக்கு மறுபக்கமும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் 25 பேரில் 24 பேர் தற்கொலையால் இறக்கவில்லை. முயன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் வேறு வழியில், வேறு வயதில், மற்றவர்களைப் போலவே இறக்கிறார்கள். ‘சாகணும்னு முடிவு பண்ணவன யார் தடுக்க முடியும்?’ என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு இதைவிட வலுவான பதில் இல்லை. அபாயம் பன்மடங்கு, ஆனால் விதி எழுதப்பட்டுவிடவில்லை என்ற இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வதுதான் கடினம். குடும்பங்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கும் கடினம்.

ஒரு முயற்சி அடுத்த முயற்சியின் அபாயத்தை ஏன் கூட்டுகிறது என்ற கேள்விக்கு மூன்று விதமாக விடை சொல்லலாம். முதலாவது எளிது: முயற்சிக்குத் தள்ளிய காரணம் அப்படியே இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதிதாக நட்ட மரம் பலன் தருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வாங்கிய கடனுக்கு வட்டி அந்த மாதமே தொடங்கிவிடும். அப்படி ஒரு கடனால் உடைந்து போனவர் மருத்துவமனையிலிருந்து திரும்பி வருவது அதே கடனுக்குத்தான். கணவனின் குடியாலும் அடியாலும் முயன்ற பெண் திரும்பி வருவதும் அதே வீட்டுக்குத்தான். தீராத முதுகுவலிக்காரருக்கு வலி தீரவில்லை; மனச்சோர்வு நோய் உள்ளவருக்கு நோயும் தீரவில்லை. குடல் கழுவி, உப்புநீர் ஏற்றி, மூச்சைச் சீராக்கி அனுப்பிய சிகிச்சை, உடலில் புகுந்த நஞ்சுக்குத்தான் மருந்தளித்தது.

இரண்டாவது விடை உளவியலாளர்கள் கூறுவது. உயிராசை என்பது ஓர் உணர்ச்சி மட்டுமல்ல, உடலில் ஊறிய அச்சமும் கூட. வலிக்கும் சாவுக்கும் அஞ்சி உடல் பின்வாங்குவது இயல்பு. ஒரு முறை அந்த எல்லைவரை சென்று வந்தவரிடம் அந்த அச்சம் சிறிது மழுங்கியிருக்கலாம்; நெருக்கடி என்றால் தன்னை அழித்துக்கொள்வதும் ஒரு வழி என்று மனம் பழகியிருக்கலாம். திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பருவத்தினரை, ‘கையைக் கிழிச்சிக்கறது பொழுதுபோக்கா போச்சு’ என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது விடையைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் அதில்தான் நம் பங்கு இருக்கிறது. முயற்சியே புதிய காரணங்களை உண்டாக்குகிறது. தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்தாலே நகை அடகுக் கடைக்குப் போய்விடும். ஏற்கெனவே கடனால் முயன்றவர் கூடுதல் கடனோடு வீடு திரும்புகிறார். சிலருக்குத் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ நரம்பிலோ நீடித்த பாதிப்பு நேர்கிறது. வேலைக்குத் திரும்பினால் மேஸ்திரி ஒரு மாதிரி பார்க்கிறார். கல்யாணமாகாத பெண் என்றால், ‘வெளியில தெரிஞ்சா யார் வருவாங்க?’ என்ற கவலை அவள் காதில் விழும்படியே பேசப்படுகிறது. செய்தது தெருவுக்கே தெரிந்த ஊரில், ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் ஒரு சோதனை. உறவினர் ஒருவர் தவறாமல் வந்து, ‘ஒன்னப் பெத்தவங்களுக்கு இப்படி ஒரு தலைகுனிவத் தேடித் தந்துட்டியே’ என்று அழுதுவிட்டுப் போவார். இவை எதுவும் முயற்சிக்கு முன் இல்லாதவை. மருத்துவமனைக்குப் பிந்தைய வாரங்களில் ஒவ்வொன்றாகச் சேர்பவை.

அபாயம் காலத்தில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் இந்த மூன்றாவது விடைக்கு வலு சேர்க்கிறது. மறுமுயற்சிகளும் இறப்புகளும் ஆண்டுகள் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை. மருத்துவமனையை விட்டு வந்த முதல் வாரங்களிலும் முதல் சில மாதங்களிலும் குவிந்திருக்கின்றன. மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றி 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் முதல் மூன்று மாதங்களிலேயே தற்கொலை விகிதம் மிக உயர்ந்திருப்பதைக் காட்டியது. வீட்டில் எல்லோரும், ‘ஆபத்து தாண்டியாச்சு’ என்று மூச்சு விடும் காலமும் அதுதான். மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பதினைந்து நாள் கழித்து, பகலில் வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கியிருந்தால் அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், ‘பத்து நாளா சாப்பிட்டும் ஒண்ணும் தெரியல, தூக்கந்தான் வருது’ என்று மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும்.

யாருக்கு அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் சுட்டும் கூறுகள் பல. ஆண்களாயிருத்தல், வயது முதிர்ந்திருத்தல், தனியாக வாழ்தல், முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றிருத்தல், திட்டமிட்டு, யாரும் குறுக்கிடாதபடி ஏற்பாடு செய்து முயன்றிருத்தல், பிழைத்ததற்காக வருந்துதல், இருமுனையக் கோளாறு (மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்), மனச்சிதைவு, மனச்சோர்வு ஆகிய நோய்கள், சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளாகியிருத்தல், குடும்பத்தில் வேறொருவர் தற்கொலையால் இறந்திருத்தல், தீராத உடல்வலி, விடாத தூக்கமின்மை, எதிர்காலத்தைப் பற்றி எதையும் நினைத்துப் பார்க்க முடியாத வெறுமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்தியாவில் தற்கொலையால் இறப்போரில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் 2022-ல் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். குடும்பப் பிரச்சினை என்ற காரணம் 31.7 விழுக்காட்டினருக்கும் நோய் என்ற காரணம் 18.4 விழுக்காட்டினருக்கும் பதிவாகியிருக்கிறது. காவல் நிலையப் பதிவேட்டில் ஒரே ஒரு காரணத்தை எழுதினால் போதும். அதனால் வட்டிக்காரன் வாசலில் நின்ற அன்று, குடித்துவிட்டு, மனைவியோடு சண்டை போட்டுவிட்டு முயன்றவர் எந்தக் கட்டத்தில் விழுகிறார் என்பது எழுதியவரின் கையில் இருக்கிறது. ‘குடும்பப் பிரச்சினை’ என்பதை ஒரு விளக்கமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இவற்றோடு மதுவைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் மது மலிவு, கடைகளும் நெருக்கம். கடலூர்ப் பக்கத்திலிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்புவது அன்றாடக் காட்சி. நீண்டகாலக் குடி மனச்சோர்வை ஆழமாக்குகிறது, வேலையையும் உறவையும் தின்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது, அந்த ஒரு மாலைப் போதையின் வேலை. தற்கொலை முயற்சியில் பிழைத்தவர்களிடம் ஆஸ்திரியாவில் நடத்திய ஓர் ஆய்வில், அந்த எண்ணம் தோன்றியதற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே பத்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் கழிந்தது என்று ஏறத்தாழப் பாதிப் பேர் கூறினார்கள். ஒருவரைத் தயங்க வைக்கும் எல்லா நினைவுகளும், அதாவது பிள்ளையின் முகமும் நாளைய வேலையும் வலியைப் பற்றிய பயமும், அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் வந்து நிற்க வேண்டும். போதை அவற்றை வர விடுவதில்லை. ஒருமுறை குடித்திருந்தபோது முயன்றவரைப் பற்றி, ‘குடிபோதைல பண்ணிட்டான், தெளிஞ்சா நல்லவன்’ என்று ஆறுதல் கொள்வது அபாயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதாகும். அவர் அடுத்த முறை குடிக்கப்போவதும் உறுதி என்றால், குடிநோய் சிகிச்சைதான் அவருக்கான தற்கொலைத் தடுப்பு.

‘மிரட்டத்தான் செய்தான்’ என்ற பேச்சுக்குத் திரும்புவோம். உடலுக்கு நேர்ந்த சேதத்தை வைத்து மனத்தில் இருந்த எண்ணத்தை அளப்பது நம்மிடம் ஊறிய வழக்கம். நாலு மாத்திரை விழுங்கியவர் நாடகமாடினார் என்றும், வென்டிலேட்டர் வரை போனவர் உண்மையாகவே சாக நினைத்தார் என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். வேளாண்மை ஊர்களில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பிழைபடும். எதை எடுக்கிறார் என்பதை, எவ்வளவு சாக விரும்பினார் என்பதைவிட, கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து திண்ணையோரம் இருந்தால், சண்டையின் கோபத்தில் ஒரு கணம் நிலை தவறியவரும் உயிரை இழக்கலாம். உண்மையிலேயே சாக விரும்பி, தவறான நம்பிக்கையில் தீங்கு குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் மறுநாளே வீடு திரும்பலாம். மேலே சொன்ன 2014 பகுப்பாய்வில் ஆசிய நாடுகளில் மறுமுயற்சி விகிதம் நூற்றுக்குப் பத்து என்று, மேலை நாடுகளைவிடக் குறைவாக இருந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை. முதல் முயற்சியிலேயே பலர் இறந்துபோகும் இடங்களில், மறுமுயற்சிக்கு எஞ்சுபவர்களின் எண்ணிக்கையும் குறையத்தான் செய்யும்.

இத்தனை காரணிகளையும் கூட்டிக் கழித்து, யார் மீண்டும் முயல்வார் என்று ஒரு மதிப்பெண் போட்டுச் சொல்லிவிட முடியாதா? ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி முயன்று தோற்ற இடம் இது. 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, எந்தத் தனிக் காரணியை வைத்தும் ஊகிப்பது ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம் என்ற முடிவுக்கு வந்தது. முந்தைய முயற்சி என்ற காரணியும் இதற்கு விலக்கல்ல. காரணம் எண்கணிதத்தில் இருக்கிறது: நூறு பேரில் இருவர் இறக்கக்கூடும் என்னும்போது, ‘அதிக அபாயம்’ என்று முத்திரை குத்தப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் இறக்கமாட்டார்கள், இறப்பவர்களில் பலரோ ‘குறைந்த அபாயம்’ என்ற பட்டியலில் இருந்திருப்பார்கள். இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2022-ல், இத்தகைய அளவுகோல்களை வைத்து மறுமுயற்சியை முன்கணிக்கவும் வேண்டாம், நோயாளிகளைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரித்து அதன்படி சிகிச்சையை அளிக்கவோ மறுக்கவோ வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, அவருக்கு எது தாங்க முடியாததாக இருந்தது, எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று கேட்டு அதற்கேற்ப உதவுவதே அது பரிந்துரைக்கும் வழி. படுக்கைக்கு மூவர் கிடக்கும் பொது வார்டில் அந்த அரைமணி நேரத்தை யார் ஒதுக்குவது என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் அதற்கு மாற்றாக ஒரு படிவத்தை நிரப்பி வைப்பதால் யாரும் பிழைத்துவிடப் போவதில்லை.

அந்த அரைமணி நேரம் கிடைக்காமல் போவதற்கு இன்னொரு காரணம், நம் ஊரில் முயற்சி மறைக்கப்படுவது. அவசர சிகிச்சைப் பிரிவில், ‘டானிக்னு நினைச்சித் தவறுதலா குடிச்சிட்டாரு’ என்று சொல்லும் குடும்பங்களைக் குறைசொல்ல முடியாது. மருத்துவ சட்ட வழக்காகப் பதிவாகும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், போலீஸ்காரர் கட்டிலருகே வந்து ஸ்டேட்மென்ட் எழுதுவார் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த நீண்ட காலம் அந்த அச்சத்தை வளர்த்துவிட்டது. 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-க்கு நேரான பொதுவான பிரிவே இல்லை. அரசு ஊழியர் ஒருவரைக் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ ஒன்றைச் செய்யும்படி கட்டாயப்படுத்தவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே 226-ஆம் பிரிவில் குற்றமாக எஞ்சியிருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, செய்திதான் வார்டு வாசல்வரை வந்து சேரவில்லை. விபத்து என்று எழுதப்பட்ட நோயாளிக்கு மனநல மருத்துவரின் ஆலோசனை தேவை என்று யாருக்கும் தோன்றாது. உடல் தேறியதும் டிஸ்சார்ஜ் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள்.

அதே 115-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இன்னும் குறைவாகவே கவனிக்கப்படுகிறது. முயன்றவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்து, அவர் மீண்டும் முயலும் அபாயத்தைக் குறைப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. கடமை எந்த அரசினுடையது என்பது நம் பகுதியில் சிக்கலான கேள்வியாகிறது. பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் முயன்றவர் ஆபத்தான நிலையில் ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறார்; மத்திய அரசின் நிறுவனம் அவரைப் பிழைக்க வைக்கிறது; அவர் திரும்பிச் செல்வது தமிழ்நாட்டு அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள். புதுச்சேரியின் பாகூர்க்காரர் கடலூரில் சேர்க்கப்பட்டால் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, வீட்டு வாசலுக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து இருக்கிறது. ஆனால் எல்லைக்கு அப்பால் பிழைத்து வந்தவரைப் பற்றிய தகவல், அவருடைய சம்மதத்தோடு, அந்த ஊர்ச் செவிலியரைச் சென்றடைய ஒரு வழி இருந்தால்தானே அவர்கள் போய்ப் பார்க்க முடியும்? இரண்டு வாரம் கழித்து ஓ.பி.க்கு வாருங்கள் என்று எழுதிக் கொடுப்பது, தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலியையும் இரண்டு பேரின் பேருந்துக் கட்டணத்தையும் கேட்பதாகும். வராதவரை, ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று குறித்து வைப்பது எளிது.

வந்து பார்க்கச் சொல்வதைவிட, நாமே சென்று விசாரிப்பதில் பலன் இருக்கிறது என்பதற்கான சான்று தொலைவிலிருந்து வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒழுங்கு செய்த ஓர் ஆய்வு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் நடந்தது. கொழும்பும் அவற்றில் ஒன்று. முயன்று பிழைத்த 1,867 பேர் இதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு, வீடு திரும்பும் வேளையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தற்கொலை எண்ணம் என்பது என்ன, எப்போது தலைதூக்கும், அப்போது என்ன செய்யலாம், யாரை அணுகலாம் என்று விளக்கினார்கள். பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை, தொலைபேசியிலோ நேரில் சென்றோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே ஐந்து முறை. 2008-ல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். புதிய மாத்திரை எதுவும் இதில் இல்லை, விலையுயர்ந்த கருவியும் இல்லை. சென்னைப் பிரிவை நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவரும் அவரே.

விசாரிப்பு ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால், மூன்றாவது விடையில் சொன்ன புதிய காரணங்களோடு அது நேரடியாக மோதுகிறது என்பது தெரியும். எல்லோரும் பேச்சை மாற்றும்போது ஒருவர் நேராகக் கேட்கிறார். மருந்தை நிறுத்தியது, வட்டிக்காரன் மறுபடி வந்தது, மூன்று நாளாகத் தூக்கமில்லாதது எல்லாம் தெரிந்துவிடுகின்றன. தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணம் கூடவில்லை, பலருக்குப் பாரம் இறங்கியது. ‘தம்பி, மறுபடி செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?’ என்று அக்காவோ மாமாவோ கேட்கலாம். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் புத்திமதி தொடங்காமல், எப்போதெல்லாம் தோன்றுகிறது என்று அடுத்ததைக் கேட்க வேண்டும். சத்தியம் வாங்குவதில் உள்ள சிக்கலும் இதுதான்: சத்தியம் செய்தவர், எண்ணம் திரும்பும்போது அதை வெளியில் சொல்ல முடியாதவராகிவிடுகிறார். அதற்கு மாற்றாக, எண்ணம் தலைதூக்குவதற்கான அறிகுறிகள் எவை, தனியாகச் செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை எவை, யார் வீட்டுக்குப் போகலாம், யாருக்குப் போன் செய்யலாம், எந்த மருத்துவமனை என்று அவருடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் பாதுகாப்புத் திட்டம் என்ற முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1,640 பேரிடையே இதைத் தொலைபேசி விசாரிப்போடு சேர்த்துச் செய்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2018-ல் பதிவாகியிருக்கிறது.

பாதுகாப்புத் திட்டத்தின் கடைசி வரி, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுவது. அந்தப் பத்து நிமிடக் கணக்கு நினைவிருந்தால் இதன் பொருள் புரியும். தூரமும் பூட்டும் நேரத்தை வாங்கித் தருகின்றன. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில், 1995-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 விழுக்காடு குறைந்தது. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் பகுதியிலும் ஒரு முயற்சி நடந்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குப் பொதுவான ஓர் அறையில், பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டை இரண்டு சிற்றூர்களில் செய்து பார்த்தார்கள்; 2013-ல் வெளியான அந்த ஆய்வில், பெரும்பாலான குடும்பங்கள் ஏற்பாட்டைப் பயனுள்ளது என்றே கருதின. முயன்று பிழைத்தவர் இருக்கும் வீட்டில் இதற்காக ஊர்ப் பொது அறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூச்சிமருந்து டப்பாவைப் பங்காளி வீட்டுக்கு அனுப்பலாம், மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி வேறொருவர் பொறுப்பில் வைக்கலாம். அவரைக் குற்றவாளியைப் போலக் காவல் காப்பதாக ஆகிவிடாமல், அவருக்குச் சொல்லிவிட்டே செய்வது நல்லது.

சில அறிகுறிகள் காத்திருக்க இடம் தருவதில்லை. சாவைப் பற்றி மீண்டும் பேசுதல், பொருள்களை யார் யாருக்கோ கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற சொற்கள், பல நாள் தூக்கமற்ற பதற்றம், நீண்ட கலக்கத்துக்குப் பிறகு காரணமின்றி வந்துவிடும் அமைதி ஆகியவற்றைக் கண்டால் அவரைத் தனியே விடாமல், அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், ஆம்புலன்சுக்கு 108. பேசுவதற்கு, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண், நாள் முழுதும், தமிழில், கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஸ்நேகாவின் எண் 044-24640050. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. இந்த எண்களை அழைக்க, முயன்றவராகவோ நோயாளியாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. இரவெல்லாம் கண்விழித்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் மனைவியும் தங்களுக்காகவே அழைக்கலாம்.